உமாவின் வலது நாசி

புனேயின் ஔந்த் பகுதியில் எங்கள் குடியிருப்புக்குக் கீழே, பழச்சாறு கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில், போன மாதம் ஒரு புதிய கிளினிக் திறந்திருக்கிறார்கள். மூக்கு, தாடை, உதடு, இமை எல்லாம் செய்வார்களாம். வாசலில் ஒரு பெரிய திரை. முன்னால் போய் நின்றால் நம் முகத்தைப் படம் பிடித்து, வேலை முடிந்தபின் எப்படி இருப்போம் என்று காட்டுகிறது. பால் வாங்கப் போனபோது நானும் நின்று பார்த்தேன். அறுபதைத் தாண்டிய என் மூக்கை அது சீவிய பென்சில் மாதிரி காட்டியது. வாசல் பெயர்ப்பலகையின் அடியில் சின்ன எழுத்தில், வேறு இடத்தில் செய்து கெட்டுப்போனதையும் சரிசெய்து தரப்படும் என்று போட்டிருந்தது. பால் பையைத் தூக்கிக்கொண்டு மாடியேறினேன்.

அந்தச் சின்ன எழுத்தில் இருப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. புனேயில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன். இந்தப் பெயரைச் சொன்னாலே சொந்தக்காரர்கள் சினிமா நடிகைகளை நினைத்துக்கொள்வார்கள். எனக்கு வாய்த்தது ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் முகம் வெந்தவர்கள், தளேகாவ் பக்கம் பைக்கிலிருந்து விழுந்து மூக்கு நசுங்கியவர்கள். பிற்காலத்தில், எங்கேயோ அழகுக்காகச் செய்துகொண்டு, கெட்டபின் எங்களிடம் வந்தவர்கள். அந்தக் கடைசி ரகத்துக்கு நாங்கள் வைத்த பெயர் கரெக்‌ஷன் கேஸ்.

என்னிடம் வேலை கற்றவர்கள் இப்போதும் போன் செய்கிறார்கள். "மேடம், கரெக்‌ஷன் கேஸில் எப்போது முடியாது என்று சொல்வீர்கள்? ஒரு வரியில் சொல்லுங்களேன்." எல்லாம் இவர்களுக்கு ஒரு வரியில் வேண்டும். எனக்கு ஒரு வரியில் சொல்லத் தெரியாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

படிப்புக் காலத்தை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பாளையங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலியில் டாக்டருக்குப் படித்து, சென்னையில் மேல்படிப்பு முடித்தேன். பாதுகாப்புத் துறைக் கணக்கு அலுவலகத்தில் இருந்தவரைக் கட்டிக்கொண்டேன். அவருக்கு மாற்றல் வந்ததால் புனேவுக்கு வந்தோம். இரண்டு வருஷத்தில் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றார். இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

நான் உண்மையில் தொழில் கற்றது தேஷ்பாண்டே சாரிடம். எங்கள் பிரிவின் தலைவர். குள்ளமான மனிதர், எப்போதும் அரைக்கை வெள்ளைச் சட்டை. பேச்சில் சர்க்கரை என்பது துளியும் கிடையாது. பலகை எழுதுவதில் புனேக்காரர்களுக்கு ஒரு குசும்பு உண்டு. வாசலில் வண்டி நிறுத்துகிறவனைத் திட்டுவதைக்கூட அழகாக எழுதி மாட்டிவிடுவார்கள். சாரின் அறைக் கதவில் மராத்தியில் இப்படி இருந்தது: "மூச்சு விட முடியாதவர்கள் முதலில் வரவும். அழகு காத்திருக்கும்."

ஆள் உள்ளே வந்தால் சார் முதலில் மூக்கைப் பார்க்க மாட்டார். கூட யார் வந்திருக்கிறார்கள், கேள்வி கேட்டால் யார் வாய் திறக்கிறார்கள் என்று பார்ப்பார். அப்புறம் டியூப் லைட்டை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார வைப்பார். டியூப் லைட் முகத்தின் மேடுபள்ளங்களை மறைத்துவிடும் என்பார். கையில் ஒரு கண்ணாடியையும் காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றையும் கொடுத்து, "பேச வேண்டாம், எது சரியில்லை என்று இதால் தொட்டுக் காட்டுங்கள்" என்பார். குச்சி ஒரே இடத்துக்குப் போய் நின்றால் மேற்கொண்டு பேசுவார். மூக்கில் தொடங்கி, கன்னம், தாடை என்று ஊர்சுற்றினால் டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

அதன் பிறகுதான் பரிசோதனை. குளிர்ந்த இரும்புத் தகட்டை மூக்குக்குக் கீழே பிடித்து, இரண்டு பக்கமும் ஆவி படிகிறதா என்று பார்ப்பார். கன்னத்தை இரண்டு விரலால் மெல்ல வெளிப்பக்கம் இழுத்து, இப்போது மூச்சு லேசாக வருகிறதா என்று கேட்பார். வருகிறது என்றால் நாசியின் பக்கச் சுவர் வலுவிழந்துவிட்டது என்று அர்த்தம். மூச்சை இழுக்கும்போதெல்லாம் அது உள்வாங்கி வழியை அடைத்துக்கொள்கிறது. மூக்கைச் சின்னதாக்குகிறேன் என்று குருத்தெலும்பை அளவுக்கு மீறிச் செதுக்கினால் இதுதான் நடக்கும்.

முதல் ஆப்பரேஷன் முடிந்து ஒரு வருஷம் ஆகாமல் சார் கரெக்‌ஷனில் கைவைக்க மாட்டார். உள்தழும்பு இளகி, வீக்கம் முழுக்க வற்றினால்தான் எது மிச்சம் என்றே தெரியும். அழுவார்கள், சண்டை போடுவார்கள், மந்திரியிடமிருந்து போன் வரும். "முதலில் செய்தவன் அவசரப்பட்டான். நானும் அவசரப்பட்டால் அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?" என்று வைத்துவிடுவார். நான் அந்த மனிதரை மதித்தது இதற்காகத்தான்.

இனி உமா. உண்மைப் பெயர் அதுவல்ல. அவள் வீட்டார் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

தாய் செண்பகம் என்னைத் தேடிப் பிடித்தது நான் திருநெல்வேலிக்காரி என்பதால். நம்மூர் டாக்டர் என்று யாராவது தேடி வந்தால் இரண்டு விஷயம் எதிர்பார்க்கிறார்கள் என்பது எனக்குப் பழகிப்போனது. வரிசையில் நிற்க வேண்டாம், வெளியே சொல்லமாட்டாள். கணவர் வங்கி வேலையில் புனேவுக்கு வந்து இங்கேயே வீடு வாங்கிவிட்டவர். உமா இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கேயே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள். மராத்தி தண்ணீராக ஓடும். தமிழ் தட்டித் தடுமாறி வரும்.

செண்பகம் மகளின் பழைய போட்டோவைக் காட்டினாள். அப்பாவின் மூக்கு, நடுவில் சின்ன மேடு, எடுப்பான மூக்கு. அதற்கு என்ன குறை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. செண்பகம் விளக்கினாள்.

"ரெண்டு எடம் தட்டிப்போச்சு டாக்டரக்கா. ஒருத்தர் ஜாதகம் சேரலைன்னாவ. இன்னொருத்தர் பையன் அமெரிக்கா போறான்னாவ. உள்ளுக்குள்ள மூக்குதான். எனக்குத் தெரியாதா?"

"அவங்க யாராவது மூக்குன்னு சொன்னாங்களா?"

"வாய்விட்டுச் சொல்லுவாவளா? அதான் ஏக்தம் சின்ன வேலைதான், ஒரே நாள்ல வீட்டுக்கு வந்திரலாம்னு அந்த கிளினிக்காரன் சொன்னான். செஞ்சோம்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. நுனி கிள்ளிவிட்டது போலச் சுருங்கியிருந்தது. வலது நாசி மூச்சிழுக்கும்போது ஒட்டிக்கொண்டது. இரவில் வாயால் மூச்சு விட்டு, காலையில் நாக்கு வறண்டு எழுந்திருக்கிறாள்.

சார் ஜன்னலோரம் உட்காரவைத்துக் குச்சியைக் கொடுத்தார். செண்பகம் அதை மகள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அவளுக்குச் சொல்லத் தெரியாது சார்" என்று மராத்தியில் சொல்லிவிட்டு, மகளின் மூக்கு நுனியில் இரண்டு முறை குத்திக் காட்டினாள். சார் அந்தக் குச்சியை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுக் குச்சி ஒன்றை உமாவிடம் கொடுத்தார். அவள் கொஞ்சம் யோசித்து, வலது நாசியின் பக்கவாட்டில் வைத்து, "இங்கே மூச்சு நின்றுவிடுகிறது" என்று மராத்தியில் சொன்னாள்.

சார் அவளைப் பார்த்து மட்டும் பேசினார். மூன்று வழி சொன்னார். ஊசியில் நிரப்பும் மருந்து போட்டால் பள்ளம் மறையும், கொஞ்ச நாளைக்கு. ஆனால் ஏற்கெனவே கத்தி பட்ட மூக்கில் ரத்த ஓட்டம் பழைய பாதையில் இருக்காது. மருந்து ரத்தக் குழாயை அடைத்தால் தோல் கருகிவிடும், அபூர்வமாகக் கண்ணே போகும். அதை அவர் தொடமாட்டார். இரண்டாவது, காதின் பின்புறமிருந்து குருத்தெலும்பு எடுத்து நாசிச் சுவருக்கு முட்டுக் கொடுப்பது. இயல்பாகவே வளைந்திருக்கும், தழும்பும் வெளியே தெரியாது. ஆனால் கிடைப்பது கொஞ்சம்தான். மூன்றாவது, விலா எலும்பிலிருந்து எடுப்பது. தாராளமாகக் கிடைக்கும். நெஞ்சில் தழும்பு விழும், நாளாவட்டத்தில் கோணிக்கொள்ளவும் கூடும்.

"ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நமக்குக் கிடைக்கும் இடம் குறையும்" என்றார். பிரித்துத் தைத்த ரவிக்கையை மறுபடி பிரித்துத் தைப்பதுதான். உள்ளே மடித்து விட்ட துணி எத்தனை முறைக்குத் தாங்கும்?

காது என்று முடிவானது. ஒரு வருஷம் முடியக் காத்திருக்கும்போதே இடம் அமைந்துவிட்டது. மாப்பிள்ளைக்கும் புனேயில்தான் வேலை, குடும்பம் திருநெல்வேலியில். அவன் உமாவை அந்தக் கிள்ளிவிட்ட மூக்கோடுதான் பார்த்தான், பிடித்திருக்கிறது என்றான். ஜாதகமும் சேர்ந்தது. மூக்குக்கும் கல்யாணத்துக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

"மாப்பிள்ளை வீட்டில் சொல்லியாச்சா?" என்று கேட்டேன்.

"கல்யாணம் முடியட்டும் அக்கா. மொள்ள சொல்லிக்கிடலாம்."

"மூச்சு விட முடியல, ஆப்பரேஷன் பண்ணுறோம்னு சொல்றதுல என்ன வெட்கம்?"

"அதுக்கு முன்ன எதுக்குப் பண்ணினியன்னு கேப்பாவள்லா?"

கேட்கத்தான் செய்வார்கள். அலுவலகத்தில் விடுமுறை போட்டு, தோழியோடு கோவா போவதாகச் சொல்லிவிட்டு உமா ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள்.

ஆப்பரேஷன் நன்றாக நடந்தது. மூக்கின் நடுச்சுவரிலும் கொஞ்சம் குருத்தெலும்பு எடுக்கலாம் என்று பார்த்தால், முதலில் செய்தவன் துடைத்து எடுத்திருந்தான். இரண்டு காதிலிருந்தும் எடுக்க வேண்டியதாயிற்று. நாசியின் விளிம்பையொட்டி ஒரு சின்னப் பை போலப் பிரித்து, பிறை வடிவில் சீவிய துண்டை அதில் செருகினார் சார். விரல் நுனியால் தடவிப் பார்த்தார், வெளியே எடுத்தார், மறுபடி சீவினார். அந்த நகத்தளவுத் துண்டுக்காக மதியச் சாப்பாட்டையே விட்டுவிட்டார்.

கட்டுப் பிரித்த அன்று உமா வாயை மூடி, மூக்கால் மூச்சை இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள். "அம்மா, ஆஸ்பத்திரி வாசன வருது!" என்றாள். இவ்வளவு நாறுகிற வாசனைக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டு அழுத ஆளை நான் பார்த்ததில்லை. சார்கூடச் சிரித்தார்.

பிறகு என்னிடம், "பெண்ணுக்குக் கல்யாணம். நத் போடுவார்கள். கிளிப் வைத்ததாகப் போடச் சொல்" என்றார். மராத்திப் பெண்கள் கல்யாணத்தில் போடும் முத்து மூக்கணி அது. கிளிப்பில் மாட்டி, போட்டோ எடுத்து, சாப்பிடும் முன் கழற்றிவிடுவார்கள். நம் மூக்குத்தி அப்படியா? குத்தித் திருகாணி போட்டால் சாகிற வரைக்கும். அதனால் செண்பகத்தைத் தனியாகக் கூப்பிட்டு நம்மூர் பேச்சிலேயே சொன்னேன்.

"அங்க இருக்கது காதுல இருந்து வச்ச துண்டு. ஊசி ஏறிச் சீழ் புடிச்சா கரைஞ்சு போயிரும். திருப்பி வைக்க ரெண்டு காதுலயும் ஒண்ணும் மிச்சமில்ல. ஒட்டுற மூக்குத்தி விக்காங்க, அத வாங்கிக் குடுங்க. குத்தக் கூடாது. எந்தக் காலத்துக்கும் கூடாது."

"நான் பாத்துக்கிடுதேன் அக்கா. இந்தக் காலத்துல யாரு மூக்கு குத்துதா?"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. உமாவிடமும் மராத்தியில் தெளிவாகச் சொன்னேன். புரிந்தது என்று தலையாட்டினாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் திருநெல்வேலி மண்டபத்தில் நடந்ததை உமா பின்னால் எனக்குச் சொன்னாள். மாப்பிள்ளையின் தாய் கோமதியம்மா ஒரு சின்ன டப்பாவோடு வந்திருக்கிறார். உள்ளே வைர மூக்குத்தி. அந்த வீட்டு மூத்த மருமகள் வழிவழியாகப் போட்டுக்கொள்வது. அவருடைய மாமியார் போட்டு, அவர் போட்டு, இப்போது உமாவுக்கு. கல்யாணத்துக்கு முன் தினம் நல்ல நேரம் பார்த்துக் குத்தி, அதோடு பெண் மணையில் உட்கார வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஆசாரி சந்தனமும் பன்னீரும் வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். சுற்றிலும் பெண்கள். அவர்கள் வழக்கப்படி வலது பக்கம்.

உமா அம்மாவைப் பார்த்தாள். அங்கே சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். மூக்கில் ஆப்பரேஷன் செய்திருக்கிறது, குத்தக் கூடாது. கோமதியம்மா கெட்டவரும் இல்லை. சொல்லியிருந்தால் டப்பாவை மூடியிருப்பார்.

"குத்துங்க ஆசாரி. எங்க பிள்ள குடுத்து வச்சிருக்கணும்லா" என்றாள் செண்பகம். சொல்லிவிட்டு, மகள் தலை ஆடாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாளாம். ஊசி முதலில் ஏறவில்லை. இன்னொரு தரம் அழுத்தினாராம்.

எனக்குக் கோபம் முதல் கிளினிக்காரன் மேல்கூட இல்லை. அவன் வியாபாரி, அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எல்லாம் தெரிந்து, கேட்டு, தலையாட்டிவிட்டு, பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொடுத்தவளை என்ன சொல்வது?

வீங்கியது. மஞ்சள் வைத்தார்கள், மருந்துக்கடை களிம்பு தடவினார்கள். கணவன் டாக்டரிடம் போகலாம் என்றபோதெல்லாம், புது மூக்குத்தி என்றால் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்று செண்பகம் போனில் தடுத்திருக்கிறாள். டாக்டர் பார்த்தால் உள்ளதைச் சொல்லிவிடுவாரே. காய்ச்சல் வந்து, கண்வரை வீக்கம் ஏறிய பிறகுதான் எங்களிடம் கொண்டுவந்தாள், அதுவும் மாப்பிள்ளை ஆபீஸ் போன நேரம் பார்த்து. சார் திறந்து கழுவினார். சீழோடு அந்தப் பிறைத் துண்டு கொழகொழவென்று வந்தது. சார் அதைத் துணியில் எடுத்து வைத்தார்.

வீக்கம் வற்றியபின் வலது நாசியின் விளிம்பு மேலேறி ஒரு வெட்டு விழுந்திருந்தது. மூச்சை இழுத்தால் சுவர் முழுக்க ஒட்டிக்கொண்டது. முதல் முறை வந்ததைவிட மோசம்.

அடுத்து என்ன என்று பேச வரச்சொன்ன நாளில் மூன்று பேர் வந்தார்கள். உமா, செண்பகம், ஊரிலிருந்து வந்திருந்த கோமதியம்மா. மருமகளைத் தனியாக அனுப்ப மனசில்லை என்று கூடவே வந்துவிட்டாராம். உமாவைப் பார்த்து, இவர் முன்னால் பேசலாமா என்று சார் மராத்தியில் கேட்டார். அவருக்கு மராத்தி தெரியாது, பேசுங்கள் என்றாள்.

சார் சொன்னார். இனி இருப்பது விலா எலும்பு ஒன்றுதான். ஒரு வருஷம் பொறுக்க வேண்டும். நெஞ்சில் தழும்பு விழும். மூன்று முறை திறந்த தோல், கருகுவதற்கான வாய்ப்பு இந்தத் தடவை அதிகம். முகம் பழையபடி ஆகாது, அந்த ஆசையை விட்டுவிட வேண்டும். ஆனால் மூச்சு வரும், அதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

"ஒரு நிபந்தனை. உன் கணவனுக்கு முழுதும் தெரிந்திருக்க வேண்டும். அவனுடைய அனுமதிக்காக இல்லை, நீ வயது வந்தவள். வீட்டில் உன்னைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இந்த மூக்கு எத்தனை முறை திறக்கப்பட்டது என்று தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம். ரகசியத்தை வைத்துக்கொண்டு நான் மறுபடி கத்தி எடுக்க மாட்டேன்."

அவர் குரலைக் கேட்டே கோமதியம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாந்தான் டாக்டரம்மா பாவி. நல்லா இருந்த பிள்ள மூக்கக் குத்தி நாசமாக்கிட்டேன். எங்க அத்தை போட்டதுன்னு ஆசைப்பட்டேன். ராத்திரி உக்காந்துக்கிட்டே ஒறங்குதா, பாக்க முடியல. என் மவன் என்கிட்ட மொகங்குடுத்துப் பேச மாட்டேங்கான். ஒன் வழக்கத்தக் கொண்டு குப்பையில போடுங்கான். அவன் சொல்லுததும் சரிதான? சார்கிட்டச் சொல்லுங்க, என்ன பண்ணணுமோ பண்ணச் சொல்லுங்க."

சார் என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறார்?" என்றார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நாம் இவரிடம் உண்மையைச் சொல்ல முடியாது. எனக்கு உரிமை இல்லை, உனக்கும் இல்லை" என்றார்.

அது எனக்குத் தெரியும். உமாவிடம் மராத்தியில் கேட்டேன். "நீ சொல்கிறாயா? இப்போதே சொல்லலாம். நான் பக்கத்தில் இருக்கிறேன். அடுத்த வருஷம் மூச்சு விடலாம்."

"நகோ டாக்டர்" என்றாள் செண்பகம். வேண்டாம். "தெரிந்தால் வாழாவெட்டியாக அனுப்பிவிடுவார்கள். ஆப்பரேஷனே வேண்டாம், இப்படியே இருக்கட்டும்." இத்தனையையும் சுத்தமான மராத்தியில், முகத்தில் சிரிப்பு மாறாமல் சொன்னாள்.

"நான் உமாவைக் கேட்டேன்."

உமா மாமியாரைப் பார்த்தாள். அவர் இன்னும் அழுதுகொண்டிருந்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு, "நகோ" என்றாள்.

"பிள்ள என்ன சொல்லுதா?" என்று கோமதியம்மா கேட்டார்.

"ஆப்பரேஷன் வேண்டாமாம் மதினி, பயப்படுதா" என்று செண்பகம் முந்திக்கொண்டாள். அவர் தோளில் கைவைத்தாள். "அழாதிய. நடந்தது நடந்து போச்சு. நீங்க என்ன வேணும்னா செஞ்சிய? நாங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கிடல."

கோமதியம்மா எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார். "ஒங்களுக்குப் பெரிய மனசு மதினி" என்றார்.

செண்பகம் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டாள். உமா பக்கத்தில் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.